யாரைக் கேட்டு இடிப்பாங்க?

போன மாதம் லூமுட்டில் ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து, கோயில் பின்புறம் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். பழைய அடுக்குமாடிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது பற்றிய பேச்சு. நம்ம தம்பி ஒருத்தன், கட்டடத் துறையில் படித்தவன், "பழசு போனா புதுசு வருது. லிப்ட் வேலை செய்யும், கூரை ஒழுகாது. இதுல என்ன அண்ணே பிரச்சனை?" என்றான். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரைக் கேட்டு இடிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன்.

இன்றைக்கு ஓர் அடுக்குமாடியைக் கலைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டுமென்றால், 1985-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிலப்பட்டாச் சட்டப்படி எல்லா உரிமையாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா இதை மாற்றப் பார்த்தது. 30 வயதுக்குட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு சம்மதம், அதற்கு மேல் வயதானதற்கு 75, கைவிடப்பட்ட அல்லது ஆபத்தான கட்டடத்துக்கு 51 போதும். சிங்கப்பூரில் 1999 முதலே இப்படி ஒரு முறை இருக்கிறது. பத்து வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு அங்கே 80 விழுக்காடு.

உண்மையைச் சொன்னால், படித்ததும் நான் தம்பியின் பக்கம்தான் சாய்ந்தேன். ஈப்போவில் என் சித்தி நாலாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் கிடையாது, முட்டி வலி. தீபாவளிக்குச் சாமான் வாங்கினால் பக்கத்து வீட்டுப் பையன்தான் தூக்கி வர வேண்டும். அங்கே யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்தால், நூறு குடும்பம் ஒழுகலில் கிடக்க வேண்டுமா? இதுவும் நியாயமான கேள்விதான். மறுப்பவர் எல்லாம் ஏழை, இடிப்பவர் எல்லாம் கெட்டவர் என்று சினிமா மாதிரி பிரித்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் எண்ணப்படுவது யார் என்று பார்த்தேன். உரிமையாளர். கிராண்டில் பெயர் இருக்கிறவர். உள்ளே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறவர் வாடகைக்காரர் என்றால், அவர் 75-லும் இல்லை, மீதி 25-லும் இல்லை.

இந்த இடம் நமக்குப் புதிதா? நம் தாத்தா பாட்டி நின்ற இடம்தானே இது!

தோட்டத்தில் வேலை இருக்கிறவரைதான் லயத்து வீடு. மூன்று தலைமுறை பால் மரம் சீவினாலும் வீடு அவர்களுக்குச் சொந்தமாகாது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதை ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் உங்கு அசிஸ். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிய அவருடைய ஆய்வு 1962-இல் வெளிவந்தது. நம் பேராக்கின் சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். கேட்கப்படாத மனிதர்கள் தங்களையும் கேட்க வைக்க அன்று கண்ட வழி அது. பங்குதாரன் ஆனால் பெயர் ஏட்டில் ஏறுமே!

எல்லாரும் அப்படி ஏறவில்லை. இன்றைய புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் என்ற ரப்பர் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் 1921-இல் தொடங்கியது. மலாயில் பெரும்போர் என்று பொருள். நிர்வாகத் தலைநகர் வந்தபோது அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம்மவர்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். சுவரில் விரிசல் விட்டது. தரை வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். புத்ராஜெயா ஏரியோரம் படம் எடுத்துப் போடாதவர் நம்மில் யார்? நானும் போட்டிருக்கிறேன்.

லயங்களோடு போனது முனீஸ்வரன் கோயில்களும்தான். சாமிக்கும் கிராண்ட் இல்லை.

பண்பாட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குக் காண்டவ வனக் கதை சொல்கிறோம். அக்கினியின் பசி தீர்க்கக் காடு எரிகிறது, கிருஷ்ணரும் அர்ஜுனனும் காவல் நிற்கிறார்கள், தப்பிப் பிழைத்த மயன் நன்றிக்காகப் பாண்டவர்களுக்குப் பெரிய சபை கட்டித் தருகிறான். மயசபையின் அழகோடு நாம் நிறுத்திக்கொள்வோம். வியாசர் நிறுத்தவில்லை. அந்தக் காட்டில் தட்சகன் என்ற நாகராஜன் குடியிருந்தான். தீ வைத்தபோது அவன் அங்கே இல்லை. திரும்பி வந்தால் காடும் இல்லை, மனைவியும் இல்லை. பின்னால் முனிகுமாரனின் சாபம் நிறைவேற அர்ஜுனனின் பேரன் பரீட்சித்தைக் கடிக்கிறவன் அதே தட்சகன்தான். பரீட்சித்தின் மகன் ஜனமேஜயன் சர்ப்ப யாகம் நடத்துகிறான். ஆஸ்தீகர் என்ற இளைஞர் வந்து போதும் என்று சொல்கிறவரை தீ அணையவில்லை. தர்மவான்கள் செய்த காரியத்திலேயே வீடு இழந்தவனின் கணக்கை வியாசர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

இனி என் கதை. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை வந்தபோது என் தாத்தா லயத்தை விட்டு வெளியேறினார். யாரும் கேட்கவில்லை, ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அப்பா ஓவர்டைம் செய்து ஒரு மலிவுவிலை ஃபிளாட் வாங்கினார். அப்பா போன பிறகு அது என் பெயருக்கு வந்தது. நான் தாமான் வீட்டில் இருக்கிறேன், ஃபிளாட்டை ஓர் அக்காவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை. நாளைக்கு ஒரு மேம்பாட்டு நிறுவனம் காகிதத்தோடு வந்தால் கையெழுத்துப் போடுகிறவன் நான். எனக்குப் புது வீடு, மதிப்பும் கூடும். தாத்தாவுக்கு வந்த அதே கடிதத்தை அக்காவுக்கு அனுப்புகிறவனும் நானாகத்தான் இருப்பேன்.

லூமுட்டைக் கடல்சார் தொழில் நகரமாக்கப் போகிறோம் என்கிறார்கள். நல்லது, வேலை வரட்டும். நிலத்தின் விலையும் ஏறும், காகிதங்களும் வரும். நம் இயக்கத்தில் என்னைப் போல வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பீர்கள்.

நோட்டீஸ் எதுவும் வரவில்லை. ஆனாலும் போன வாரம் வாடகை வாங்கப் போனபோது அக்காவிடம் கேட்டேன், "ஒருவேளை இந்த ஃபிளாட்ட இடிக்கிறதா இருந்தா உங்களுக்கு என்ன வேணும்க்கா?" முதலில் பயந்துவிட்டார். சும்மாதான் கேட்கிறேன் என்று சொல்லி, உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருக்கணும். சின்னவனுக்கு இளைப்பு, மாடி வேண்டாம், கீழ் வீடு. ஆறு மாசம் முன்னாடியே சொல்லணும், மூன்று நாளில் ஓடச் சொல்லக் கூடாது. திரும்பி வர முடிந்தால் இதே வாடகைக்கு வரணும்.

யோசித்து, ஒரு விரலை மடக்கி இன்னொன்றும் சொன்னார். வாசலில் பெயிண்ட் வாளியில் வைத்திருக்கிற கறிவேப்பிலை மரத்தை எடுத்துப்போக லாரியில் இடம் வேண்டுமாம்.

"எழுதிக்கிட்டீங்களா தம்பி?" என்றார்.

எழுதிக்கொண்டேன்.