உதவியும் உத்தேசமும்

பிறர்க்கு நன்மை விளைவித்த ஒரு செயல், செய்தவன் உள்ளத்தில் பகைமையும் சுயநலமும் குடிகொண்டிருந்த காரணத்தால் தர்மம் என்னும் பெயரை இழந்துவிடுமோ என்று ஆராயப் புகுவார்க்கு, அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சுதந்திரப் போரில் பிரான்சு புரிந்த உதவி ஆழ்ந்து சிந்திக்கத்தக்க உதாரணமாகும்.

ஏழாண்டுப் போரின் முடிவில், 1763இல், கனடாவையும் கௌரவத்தையும் ஒருங்கே இழந்த பிரான்சு, இங்கிலாந்தின் வலிமையைக் குறைக்கத் தருணம் பார்த்திருந்தது. 1776 மே மாதத்தில் வெளிநாட்டு மந்திரி வெர்ஜென், பதினாறாம் லூயி மன்னனின் சம்மதம் பெற்று, பத்து லட்சம் லீவர் பணத்தை நாடகாசிரியர் பொமார்ஷேயின் வசம் ஒப்புவித்து, வியாபாரக் கம்பெனி என்னும் திரைக்குப் பின்னிருந்து பீரங்கிகளும் வெடிமருந்தும் கடல் கடந்து செல்ல ஏற்பாடு செய்தார். சரடோகாவில் அமெரிக்கர் வெற்றி பெற்றபின், 1778 பிப்ரவரி 6ஆம் நாள், மன்னர்க்கு மன்னனாய் வீற்றிருந்தவன் மன்னனை உதறிய குடிகளோடு முறைப்படியே உடன்படிக்கை செய்துகொண்டான். அவன் காதலித்தது சுதந்திரத்தை அன்று. தன் பகைவனின் தாழ்வையே.

கடமையுணர்ச்சியினின்று பிறவாத செயலுக்கு ஒழுக்க மதிப்பில்லை என்று 1785இல் நிலைநாட்டிய ஜெர்மானிய ஞானி கான்ட்டின் அளவுகோலால் அளந்தால், வெர்ஜெனுக்குப் புண்ணியம் சிறிதுமில்லை. ஆயினும் இராஜ்யத்தின் உத்தேசம் வேறு, அதன் ஏவலில் சென்ற மனிதரின் உள்ளம் வேறு. 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில், சுகவீனம் என்று வராதிருந்த ஆங்கிலச் சேனாதிபதி கார்ன்வாலிஸுக்குப் பதிலாக வந்த ஆங்கிலத் தளபதி ஓஹாரா, பிரெஞ்சுச் சேனாதிபதி ரோஷம்போவிடம் சரணடைய முற்பட்டபோது, அவர் அந்தக் கௌரவத்தை ஏற்காமல் அமெரிக்கச் சேனாதிபதி வாஷிங்டனைச் சுட்டிக் காட்டினார். பழிவாங்கும் எண்ணத்தில் தொடங்கிய காரியத்தின் நடுவே, தன்னலமற்ற செய்கை ஒன்று அவ்வாறு நிகழ்ந்தது.

பெற்றவன் கடமையோ கொடுத்தவனின் உள்நோக்கத்தைச் சார்ந்ததன்று. மருத்துவன் பொருளாசையால் மருந்து கொடுத்தான் என்பதால் பிழைத்தவனின் நன்றிக்கடன் குறைந்துவிடாது. பிரான்சின் சம்மதமின்றிச் சமாதானம் செய்வதில்லை என்று வாக்களித்த அமெரிக்கத் தூதர், 1782 நவம்பர் 30ஆம் நாள், அதனைக் கலந்தாலோசியாமலே இங்கிலாந்தோடு பூர்வாங்க ஷரத்துக்களில் கையெழுத்திட்டனர். வெர்ஜென் வருந்தி எழுதியபோது, அது மரியாதைக் குறைவு என்பதை அத்தூதருள் ஒருவரான பிராங்க்ளின் ஒப்புக்கொண்டது, நன்றியின் கடப்பாட்டை அவர் உணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது.

எனினும் இவ்வுதவியின் பெருங்குற்றம் நோக்கத்தின் மாசு அன்று என்பதே என் துணிபு. போர் நாட்டின் நிதியைக் குலைக்கும் என்று எச்சரித்த நிதிமந்திரி துர்கோ 1776 மே மாதத்திலேயே பதவியினின்று நீக்கப்பட்டார். போர்ச்செலவோ 100 கோடி லீவரைத் தாண்டியது. உப்புக்கும் வரி செலுத்திய பிரெஞ்சு விவசாயியை எவரும் கேட்கவில்லை; அப்போரின் தொடர்ச்சியாக 1778இல் ஆங்கிலேயர் முற்றுகைக்கு உள்ளான நமது புதுச்சேரியின் குடிகளையும் எவரும் கேட்கவில்லை. தங்கள் சம்மதமின்றி விதித்த வரியை எதிர்த்துப் போராடிய மக்களுக்கு, சம்மதம் கேட்கப்படாத மக்களின் பொருளும் உயிருமே உதவியாகச் சென்றன. அப்போர்ச்செலவால் ஏறிய கடன்சுமை 1789ஆம் ஆண்டின் புரட்சிக்கு வழிகோலிற்று. உத்தேசத்தின் தூய்மையை உள்ளம் அறிந்தவனே அளக்கட்டும். பிறர் பொருளால் செய்யும் கொடையில் உரியவனின் இசைவைப் பெறுவதே முதல் தர்மம், அதனைப் புறக்கணித்த எந்த உதவியும், எத்துணை நற்பயன் விளைப்பினும், முழுமையான அறமாகாது.