பிரகலாதனுக்குக் கோபம் வரவில்லையா?



போன மாதம் எங்கள் கோயில் சமய வகுப்பில் பிரகலாதன் கதை சொன்னேன். மலையிலிருந்து தள்ளினார்கள், விஷம் கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனபோது, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அண்ணே, அப்பாவே இப்படிச் செய்யறப்ப அவனுக்குக் கோபம் வரலையா?"

"சாமிய நினைச்சுக்கிட்டே இருந்தான்ல, அதான் வரலை" என்று சமாளித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஏனென்றால் எனக்கு வரும். முதல் நாள்தான், என் கால்குலேட்டரைக் கீழே போட்ட தம்பி மேல் கை ஓங்கியிருந்தேன். அவன் முகத்தை மறைத்துக்கொண்டான். சின்ன வயதில் ரோத்தானுக்கு முன்னால் நானும் அப்படித்தான் மறைப்பேன்.

வீட்டில் கேட்டால், "அது அவங்க தாத்தா கோபம், ரத்தத்துலயே ஓடுது" என்பார்கள். பொறியியல் படிக்கிறவனுக்கு இது போதாது. தேடிப் படித்தேன்.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஆண்களை வைத்து எழுதிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. அதற்கான மரபணு சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். மந்தமான மரபணு மட்டும் இருந்தவர்கள் பெரிதாக முரடர்களாகிவிடவில்லை. அதோடு சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் 12 விழுக்காடுதான். ஆனால் வன்முறைக்காகப் பதிவான தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்களுடையது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும்: அப்சாபர் எந்த ரகம் என்பது மட்டுமல்ல, இத்தனை வருஷம் எந்த ரோட்டில் ஓடியது என்பதும் கணக்கு.

நம் சமயம் இதைப் பிராரத்தம் என்கிறது. எந்த உடம்பு, எந்த வீடு, எந்தச் சுபாவம் என்பது நாம் கொண்டுவந்தது. ஆனால் இன்று நான் செய்வது ஆகாமியம். அது புதுக் கணக்கு. இங்கேதான் பெரியவர்கள் சிலரோடு எனக்கு வருத்தம். தழும்போடு நிற்கும் குழந்தையைப் பார்த்து, "அது புள்ளையோட கர்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிள்ளை படுவது பிள்ளையின் வினை என்றே வைத்துக்கொள்வோம். அடித்த கையின் வினை யாருடையது? பார்த்துவிட்டுப் பேசாமல் போன வாயின் வினை?

மறுபடி பிரகலாதனிடம் வருகிறேன். அசுர குலத்து ரத்தமும் இருந்தது, அப்பாவின் கொடுமையும் இருந்தது. அப்புறம் எப்படித் தப்பினான்? பக்தியால் என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று பாகவதம் சொல்வதை வகுப்பில் நான் விட்டுவிட்டேன். இரணியன் தவத்துக்குப் போன சமயம், கர்ப்பிணியான கயாதுவை இந்திரன் பிடித்துக்கொண்டு போகிறான். நாரதர் குறுக்கே நின்று அவளை விடுவிக்கிறார். தன் ஆசிரமத்தில் தங்க வைத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்தே உபதேசம் செய்கிறார். இரணியனின் கை படுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்குப் பயமில்லாத ஓர் இடம் கிடைத்திருந்தது. பின்னால் நரசிம்மரிடம் அப்பாவுக்காக வேண்டியவனும் அவன்தான். அதற்காக, அப்பா செய்தது சரி என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை.

தம்பியிடம் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான். ஆனால் கால்குலேட்டரை இன்னும் தொடுவதில்லை.

வருகிற ஞாயிறு அந்தப் பையனுக்கு என் பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவனைத் தனியாக உட்கார வைத்து, அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டான் என்று விசாரிக்க வேண்டும். சும்மாகூடக் கேட்டிருக்கலாம். இருந்தாலும் தாலியான் காசே 15999 எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன்.