விதைநெல்லும் துலாக்கோலும்



செல்வம் ஆண்டவன் தந்த வரம், வறுமை முன்வினைப் பயன் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் வேறொன்று சொல்கிறார். செல்வம் இருந்தபோது செய்த அடியார் தொண்டை, அது போன பின்பும் செய்ய வல்லவர் என்று உலகுக்குக் காட்டவே இளையான்குடி மாறனாரின் பொருளை இறைவன் சுருக்கினான் என்கிறார்.

மாறனார் வயல் செய்தவர். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி விதைக்கும் நமது கமக்காரருக்கு அவர் கதையை விளக்கத் தேவையில்லை. மாரிகால இரவு. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. இனிக் கடன் கொடுப்பாரும் இல்லை. மழையில் நனைந்த அடியவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். பகலில் விதைத்த முளைநெல்லை வாரிவந்தால் சமைக்கலாம் என்றவர் மனைவியார். விதைநெல்லில் கைவைப்பது என்னவென்று கமக்காரக் குடும்பத்துக்குத்தான் தெரியும். மாறனார் கூடையோடு போனார். இருட்டில் காலால் தடவி வழியறிந்து, நீரில் மிதந்த நெல்லை வாரிச் சுமந்து வந்தார். விறகில்லை, கூரைக் கம்புகளை அறுத்துக் கொடுத்தார். கறிக்கு, வளராத இளங்கீரையைப் பிடுங்கி வந்தார். அம்மையார் நெல்லை வறுத்துக் குற்றி அமுதாக்கினார். மாறனாரைக் கும்பிடும்போது அந்த அம்மையாரையும் சேர்த்தே கும்பிடவேண்டும், யோசனை அவருடையது.

இனி அமர்நீதியார். பழையாறையிலே பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெருவணிகர். அடியவர் கோலத்தில் வந்த இறைவன் அவரிடம் ஒரு கோவணத்தைக் கொடுத்துவைத்து, அதை மறையச் செய்தான். தண்டில் இருந்த மற்றக் கோவணத்தின் நிறைக்கு ஈடு கேட்டான். துலாத்தட்டில் பட்டுகளை வைத்தார், பொன்னை வைத்தார், மணிகளை வைத்தார். தட்டு இறங்கவில்லை. முடிவில் மனைவியோடும் மகனோடும் தாமே ஏறினார்; அப்போதுதான் துலாக்கோல் நேர்நின்றது.

இரண்டில் அமர்நீதியாருடைய சோதனையே கடினமானது என்று எனக்குப் படுகிறது. இல்லாதவனுக்குத் தான் எதைக் கொடுக்கிறான் என்று தெரியும். இருப்பவனுக்கோ முதல் பட்டிலேயே, இது போதுமே என்று தோன்றிவிடும்.

பொருள் கேட்பது பிழையன்று. நமது கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரே திருப்புகலூரில் பொன் வேண்டிப் போனவர். தலைக்கு வைத்துத் துயின்ற செங்கல் பொன்னானது. ஆனால் அவர் அதைக் கேட்டது திருவாரூர்ப் பங்குனி உத்திரச் செலவுக்காக.

நமது கரை இந்த இரண்டு சோதனைகளையும் கண்டது. மாதோட்டம் ஒருகாலம் கடல் வாணிகத்தால் செழித்த துறைமுகம். துறையும் செல்வமும் போயின. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கேதீச்சரத்தை இடித்தனர். கோயில் இருந்த இடம் காடாயிற்று. அதை மீட்கவேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் அறைகூவினார். 1879இல் அவர் சிவபதம் அடைந்த பின்னரே அது நிறைவேறியது. 1990இல் நமது சனங்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களும் உண்டு. தறப்பாளுக்குக் கீழே சுவாமிப் படம் வைத்துச் சிரட்டையில் விளக்கேற்றியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சோதனையில் அவர்கள் தேறினார்கள் என்றே நான் சொல்வேன்.

2009இல் யுத்தம் முடிந்த பின்பு வேறு சோதனை தொடங்கியது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் பல ஊர்களில் கோபுரங்கள் எழுந்தன, நல்லதே. கூடவே உபயகாரர் பெயர்ப்பலகையில் யாருடைய எழுத்துப் பெரிது என்ற வழக்கும் எழுந்தது. பத்துநாள் மேளக்கச்சேரிக்குக் கொடுக்கும் கை, கோயில் வீதியில் இருக்கும் விதவைத் தாயின் பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் கொடுக்கத் தயங்குகிறது. தட்டில் பட்டை வைத்துவிட்டோம். நாம் இன்னும் ஏறவில்லை.

2022 யூலை 6ஆந் திகதி திருக்கேதீச்சரத்தில் கும்பாபிஷேகம் நடந்தது. நாடு எரிபொருளின்றித் தத்தளித்த நாட்கள் அவை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நிலையிலும் குடமுழுக்கு நிறைவேறியது.

சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் ஏந்தி, மகாலிங்கப் பெருமானுக்கு நம் கையாலேயே அபிஷேகம் செய்கிறோம். அதற்கு உபயச்சீட்டு வேண்டியதில்லை. வரும் சிவராத்திரிக்கு வான் பிடித்துப் போகிறவர்கள், அயலில் பயணக்காசு இல்லாத ஒரு வயோதிபரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். குடத்தைத் தூக்க முடியாவிட்டால் ஒரு பக்கம் பிடித்துக்கொடுங்கள்.