வீட்டுக்கு நாம் கொண்டுவருவது என்ன?



தோபித்து ஆகமத்திலே ஒரு பிரயாணம் வருகிறது. கண்பார்வை இழந்த தந்தை, தூரதேசத்தில் ஒப்படைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். அனுப்புமுன் நம்பிக்கையான வழித்துணை ஒருவரைத் தேடச் சொல்கிறார். துணையாக வந்தவர் அதிதூதர் இரபாயேல். அவர் வழியில் பிடிபட்ட மீனின் பித்தப்பையைப் பத்திரப்படுத்தச் சொன்னார். தோபியா வீடு திரும்பியபோது அதுவே தந்தையின் கண்களுக்கு மருந்தாயிற்று.

இன்று நம் குடும்பங்களில் பிரயாணம் போகாதவர் யார்? தொழிலுக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறோம்; வேளாங்கண்ணிக்கு யாத்திரை போகிறோம். திரும்பும்போது வீட்டுக்கு என்ன கொண்டுவருகிறோம்?

நமது நாட்டின் சுதேச மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆனால் வெளிநாடு சென்று வருவோரின் இரத்தத்தில் நோய்க்கிருமி இன்னும் வருகிறது. அதைப் பரப்பும் நுளம்பும் இங்கே இருக்கிறது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் புதிய இனமொன்று 2016 இல் மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது.

இது வீண் பயமன்று. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே இருந்தனர். நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்தது. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தனர்.

ஆகவே, ஆபிரிக்கா போன்ற இடங்களுக்குப் புறப்படுமுன் மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தடுப்புக் குளிசைகள் இலவசமாகக் கிடைக்கும். சொன்ன நாளில் தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன காலம் வரை விழுங்குங்கள். அந்த நுளம்பு மாலை தொடங்கி விடியும்வரை கடிப்பது, வலைக்குள் உறங்குங்கள். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராது, சென்று வந்த நாட்டைச் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள். ஒருவகை மலேரியா சில நாட்களிலேயே உயிரைக் குடித்துவிடும். இன்னொருவகை ஈரலில் மாதக்கணக்காய் ஒளிந்திருந்து மீண்டும் எழும்பும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். கனடா போகலாமென்ற முகவரின் வார்த்தையை நம்பி, மேற்கு ஆபிரிக்காவில் அகப்பட்டுத் திரும்பிய நம்மவர் பலரிடம் 2013 அளவில் மலேரியா காணப்பட்டது. அப்படி வந்தவருக்குப் போன வழியைச் சொல்ல வெட்கம், பயம். சகோதரனே, வைத்தியர் உன்னை விசாரணை செய்பவரல்லர். அவரிடம் மறைக்கும் வழி, உன் பிள்ளையின் படுக்கைவரை வரக்கூடும். உண்மை சொல்வது அங்கே பிறர்சிநேகமாகிறது.

வீட்டாரே, அயலவரே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். மலேரியா தொடுவதாலோ, ஒரு கோப்பையில் உண்பதாலோ தொற்றாது. நோயுற்று வந்தவரைக் குற்றவாளிபோல் பார்த்தால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். காய்ச்சல்காரரை ஒதுக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும் வழித்துணையாயிருங்கள்.

இரபாயேல் என்ற நாமத்துக்கு, இறைவன் குணமாக்குகிறார் என்பது பொருள். பிரயாணம் புறப்படுவோருக்காகச் செபிக்கும் குடும்பங்கள், அவர்களின் பெட்டியில் குளிசையும் நுளம்பு வலையும் இருக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். தோபியாவைப்போல் நாமும் வீட்டுக்குச் சுகத்தையே கொண்டுவருவோமாக.