குளத்து விருந்தாளிகள்



ஐப்பசி மழையில் நம் குளம் நிரம்பியதும் வந்திறங்கிய சிறகிகளைக் கண்டிருப்பீர்கள். மாசி மாதமாகிய இப்போது, ஆணின் கண்ணுக்குமேல் பிறைபோல் வெள்ளைக்கோடு தெரியும், அதுவே நீலச்சிறகி. அரைக் கிலோ எடைகூட இல்லாத இப்பட்சி, சைபீரியச் சதுப்புகளில் பொரித்து, மலையும் பாலையும் தாண்டி நம்மிடம் வருகிறது. 1960-ஆம் ஆண்டுகளில் சலீம் அலி முதலானோர் பரத்பூரில் வாத்துகளின் காலில் வளையம் பூட்டிவிட்டார்கள். அவ்வளையங்கள் பிற்பாடு சைபீரியாவில் அகப்பட்டன.

பங்குனியில் அது திரும்பவேண்டும். அதற்காக இம்மாதம் முழுதும் தின்று கொழுப்புச் சேர்க்கிறது. நமக்குத் தபசுகாலம், அதற்கோ சாப்பாட்டுக்காலம்! அந்தக் கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. நம்மில் சிலர் வலைவிரிப்பதும் இவ்வேளையில்தான். கொழுத்த பறவை நல்ல விலை போகுமல்லவா? இங்கே பெட்டை ஒன்று வலையில் விழுந்தால், வைகாசியில் எட்டு ஒன்பது முட்டையிடவேண்டிய கூடு ஒன்று அங்கே இல்லாமற் போகிறது. 1972-ஆம் வருஷத்துச் சட்டமும் இதைத் தடுக்கிறது. ஆனால் போலீசுக்குப் பயந்து மாத்திரம் விட்ட பாவம், பாதி விட்ட பாவமே.

நானும் குற்றவாளிதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் அன்போடு கொண்டுவந்த குழம்பை, என்ன கறியென்று கேளாமல் உண்டேன். ருசியாயிருந்தது, அதனால்தான் கேட்கவில்லை.

வலை வைத்திருப்பவர்கள் ஞாயிறு பூசைக்குமுன் அதைச் சுவாமியார் வீட்டுத் திண்ணையில் போட்டுவிடுங்கள். யாருடையதென்று நான் விசாரிக்கமாட்டேன். உபதேசியாரையும் விசாரிக்க விடமாட்டேன்.