எறும்புகள் கொடுத்த ஈடு

கி.மு. 262ஆம் ஆண்டளவில், நிறுவனர் ஜீனோவின் மறைவுக்குப்பின் ஏதென்ஸ் நகரில் ஸ்டோயிக் தத்துவப் பள்ளியின் தலைமையை ஏற்ற கிளியாந்தீஸ், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள அசோஸில் பிறந்து, இளமையில் குத்துச்சண்டை வீரராக விளங்கி, பின்னர் இரவெல்லாம் தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் கூலி பெற்றுப் பகலில் தத்துவம் பயின்றவர். விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்னும் தம் பள்ளியின் கொள்கையில் அவர் உறுதியாக நின்றார். ஆயினும் அக்கொள்கையை எதிர்த்தவர்கள் விரும்பி எடுத்தாண்ட ஒரு நிகழ்ச்சி அவர் கண்டதாகவே வழங்குகிறது.

புளூட்டார்க் எழுதியுள்ளபடி, சில எறும்புகள் இறந்த எறும்பு ஒன்றைச் சுமந்துகொண்டு வேற்றுப் புற்று ஒன்றின் வாயிலுக்கு வந்தன. உள்ளிருந்து வந்தவை அவற்றோடு ஏதோ பேசுவனபோல் நின்று கீழே திரும்பின. இவ்வாறு இரண்டு மூன்று முறை நடந்தபின், புற்றிலிருந்து ஒரு புழுவைக் கொண்டுவந்து ஈடாகக் கொடுக்க, வந்தவை புழுவைப் பெற்றுக்கொண்டு பிணத்தை ஒப்படைத்துச் சென்றன. இதைக் கண்ட கிளியாந்தீஸ் மனமின்றியேனும் தம் கொள்கையைத் தளர்த்த நேர்ந்தது என்று பின்னாளில் ஏலியன் எழுதினார். புளூட்டார்க்கோ, கொள்கையை விடாமலே அவர் இதை எடுத்துரைத்தார் என்கிறார். தமக்குப் பாதகமான சான்றை மறைக்காத ஒருவரைக் காட்டும் புளூட்டார்க்கின் கூற்றே இரண்டில் சுவையானது.

ஸ்டோயிக்குகள் எறும்பை உணர்ச்சியற்ற பொருளாகக் கருதவில்லை. கல்லில் அதன் கூறுகளைப் பிணைத்து நிறுத்தும் ஆற்றலும், செடியில் வளர்ச்சியும், விலங்கில் அவற்றோடு புலனுணர்வும் செயலைத் தூண்டும் உந்துதலும் உள்ளன என்றும், மனிதரிடத்தும் தேவரிடத்தும் மட்டுமே பகுத்தறிவு உண்டு என்றும் அவர்கள் வகுத்தனர். இவ்வகுப்பின் உயிர்நிலை 'இசைவு' என்னும் கருத்தாகும். அதாவது, புலன்வழி வந்த தோற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ மனிதனால் இயலும், விலங்கினிடத்தோ தோற்றத்துக்கும் செயலுக்கும் இடையே அத்தகைய ஆராய்ச்சி இல்லை.

கிளியாந்தீசின் எறும்புகள் உண்மையில் என்ன செய்தன என்பதை இன்று அறிய வழியில்லை. ஆனால் எறும்புகள் பிணம் அகற்றுவது பற்றி நன்கு தெரியும். 1958இல் எட்வர்ட் வில்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, இறந்த எறும்பு ஓரிரு நாள் கவனிப்பாரின்றிக் கிடந்து, உடல் சிதையத் தொடங்கியபின்னரே குப்பைமேட்டுக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. சிதைவில் உண்டாகும் ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலமே அதற்குத் தூண்டுதல். அவ்வமிலத்தைப் பூசினால், உயிரோடு கால்களை உதைத்துத் திமிறும் எறும்பும் சுமந்து செல்லப்படும். தன்னைத் துடைத்துத் தூய்மை செய்துகொள்ளும்வரை அதற்குப் புற்றில் இடமில்லை. ஸ்டோயிக் தரப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

எனினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. அதே அமிலம் தடவிய காகிதத் துண்டுகளை, குப்பை அகற்றும் வேலை மிகுந்த நேரத்தில் எறும்புகள் குப்பைமேட்டுக்கும், இரை தேடும் நேரத்தில் உணவைப்போலப் புற்றுக்குள்ளும் கொண்டு சென்றதை 1983இல் டெபோரா கார்டன் காட்டினார். பிரெஞ்சு இயற்கையாளர் ஃபாப்ர் கண்ட குளவியின் கதையும் இத்தகையதே. மயக்கிய சுவர்க்கோழியை வளைவாயிலில் வைத்துவிட்டு உள்ளே சென்று பார்த்துவரும் அக்குளவி, இரையை ஃபாப்ர் சற்றுத் தள்ளி வைத்தபோதெல்லாம் மீண்டும் இழுத்துவந்து மீண்டும் உள்ளே சென்று பார்த்ததை அவர் நாற்பது முறை சோதித்தார். ஆனால் வேறொரு கூட்டத்துக் குளவிகள் இரண்டு மூன்று முறைக்குப்பின் இரையை நேரே உள்ளே இழுத்துச் சென்றதையும் அவரே எழுதியிருக்க, பூச்சியின் மடமைக்கு அவரைச் சான்று காட்டுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஒரே தோற்றம் சூழலுக்கேற்ப வெவ்வேறு செயலாக முடிவதைப் பகுத்தறிவு என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் ஸ்டோயிக்குகள் இசைவுக்கும் உந்துதலுக்கும் இடையே கிழித்த கோடு அவர்கள் எண்ணியதுபோல் அத்துணைக் கூர்மையானது அன்று.

பழங்காலத்துக்கே திரும்பினால், விலங்குகளின் பகுத்தறிவு பற்றிய இவ்வழக்கு சமயச் சிக்கலாக உருவெடுத்தது கிளியாந்தீசுக்குப் பின்னர்தான். உலகம் மனிதனுக்காக மட்டும் படைக்கப்படவில்லை என்று வாதிட்ட 2ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி செல்சஸ், எறும்புகள் இறந்தவற்றுக்குத் தனியிடம் ஒதுக்குவதையும் தம்முள் உரையாடுவதையும் எடுத்துக்காட்டினார். கி.பி. 248 அளவில் அவருக்கு மறுப்பெழுதிய கிறித்தவ அறிஞர் ஓரிஜென், எறும்பின் செயல் இயல்பால் நிகழ்வதே என்றும், பகுத்தறிவில்லாதவற்றுக்கும் அதன் சாயலை அளித்த இறைவனே போற்றத்தக்கவன் என்றும் விடையளித்தார். வாதம் ஸ்டோயிக்குகளுடையது, பயன்பட்டதோ கிறித்தவத்துக்கு. பகுத்தறிவின் சாயலை அளிக்க வல்ல இறைவனுக்கு அதன் சிறு பங்கை அளிப்பதும் இயலும் ஆதலால், எறும்புக்கு அப்பங்கு உண்டென்று ஒப்புக்கொள்வதால் ஓரிஜெனின் இறைவனுக்கு எக்குறையும் நேராது. அவ்விடையில் காக்கப்பட்டது படைப்பில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட முதலிடமே.