ஈஸ்டின் பட்டினியும் நமது நோன்பும்

ஜப்பானிய உயிர்வேதியியல் அறிஞர் யோஷினோரி ஓசுமி, 1988ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில், செரிக்கும் நொதிகள் குறைந்த ஈஸ்ட் உயிரணுக்களைப் பட்டினியிட்டு நுண்ணோக்கியில் கண்டார். அவற்றினுள் செரிக்கப்படாத சிறுபைகள் குவிந்திருந்தன. பசித்த ஈஸ்ட் தன் உட்பகுதிகளையே செரித்து உயிர்தரிக்க முயல்வது புலனாயிற்று. இத்துறை ஆய்வுக்காக 2016இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

“நம் உபவாசத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது” என்று இதனால் சிலர் பெருமிதம் கொள்கின்றனர். அது பொருந்துமா? ஈஸ்ட் உணவைத் துறக்கவில்லை. அதற்கு உணவு மறுக்கப்பட்டது. உணவிருந்தும் வேண்டாமெனத் துறப்பதே தவம். அதன் பயன் வினை உதிர்ப்பேயன்றி உடல்நலமன்று.

இவ்வாய்வு உணர்த்துவது வேறு. கண்ணுக்குப் புலனாகாத ஓரணு உயிரும், தன்னையே உண்டேனும் வாழத் துடிக்கின்றது. நீரை வடிகட்டிப் பருகுவதும், பகலிலேயே உண்பதும் அத்துடிப்பை மதிக்கும் அறமேயாம்.